எந்தச் சிகிச்சை யாருக்கு? உறக்கத்தில் மூச்சுத்தடை குறித்த வாசகர் கேள்விகள்

குறட்டையும் அதனுடன் சேர்ந்து வரும் உறக்க மூச்சுத்தடை நோயும் (ஸ்லீப் ஆப்னியா) பற்றி வந்த கடிதங்களில், சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள குழப்பத்தைக் கேட்டவற்றுக்கு நுரையீரல் மற்றும் உறக்க நோய் மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார்.

என் கணவருக்கு வயது 52. ஜவுளிக்கடை நடத்துகிறார். உயரம் 170 செ.மீ., எடை 94 கிலோ. பல வருடங்களாகப் பலத்த குறட்டை. நடுநடுவே சத்தம் அடங்கி, மூச்சே இல்லாததுபோல் கிடந்துவிட்டு, திடீரென்று உடம்பை உதறிக்கொண்டு மூச்சு விடுவார். இரண்டு மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் குறையவில்லை. கடையில் கணக்கு எழுதும்போதே தூங்கி விழுகிறார். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்த பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 42 என்றும், ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியது என்றும் வந்திருக்கிறது. மருத்துவர் சிபாப் இயந்திரம் வைக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர், மூக்கில் ஆபரேஷன் செய்தால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும் என்கிறார். பல் மருத்துவர் ஒருவர் வாயில் மாட்டும் கருவி போதும் என்கிறார். என் கணவரோ, ‘ஆயுசு முழுக்க மூஞ்சியில் குழாயை மாட்டிக்கொண்டு படுக்க மாட்டேன்’ என்கிறார். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் கணவருக்கு முதல் சிகிச்சை, மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப்தான். அதையும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். மற்ற இரண்டும் தவறான சிகிச்சைகள் அல்ல. ஆனால், அவருடைய பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்களுக்கு அவை முதல் தேர்வாக முடியாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால்தான் அவர் இயந்திரத்தை மாட்டிக்கொள்ளச் சம்மதிப்பார்.

ஏ.எச்.ஐ. என்பது, உறங்கும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு முழுவதுமாக நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதைக் காட்டும் எண். குறைந்தது 10 விநாடி நீடித்த தடைகள் மட்டுமே அதில் கணக்கிடப்படும். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. 42 என்றால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு தடைபடுகிறது என்று பொருள். நம் தொண்டையின் சுவர்களைத் தாங்க எலும்பு கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பது தசைகளே. உறக்கத்தில் அந்தத் தசைகள் தளரும்போது மென்மையான மேலண்ணமும், நாக்கின் அடிப்பகுதியும், பக்கச் சுவர்களும் உட்புறமாகச் சரிந்து வழியை அடைக்கின்றன. நெஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது. நீங்கள் பார்க்கும் அந்த உதறல் அப்போது வருவதுதான். ஒவ்வொரு விழிப்பின்போதும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இரண்டு மாத்திரைக்கும் அழுத்தம் கட்டுப்படாததில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கக்கூடும்.

1980 வரை இந்த நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைப்பதே பலன் தரும் சிகிச்சையாக இருந்தது. அந்த ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கு வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால் தொண்டை சரியாமல் நிற்கும் என்பதைக் கண்டார். 1981இல் அதை வெளியிட்டார். இன்றைய சிபாப் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை தருகின்றன. அடைப்பு அண்ணத்தில் இருந்தாலும், நாக்கின் அடியில் இருந்தாலும், பக்கச் சுவரில் இருந்தாலும் இந்தக் காற்றழுத்தம் எல்லா இடத்தையும் ஒருசேரத் திறந்து வைக்கும். கடுமையான நோய்க்கு அதை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். அறுவை சிகிச்சையோ வாய்க் கருவியோ ஒன்றிரண்டு இடங்களை மட்டுமே சரிசெய்யும்.

உறவினர் சொன்ன மூக்கு அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் அதை நேராக்குவது நல்லதே. மூச்சு விடுவது எளிதாகும், சிபாப் மாஸ்க்கைப் பொறுத்துக்கொள்வதும் எளிதாகும். ஆனால், அடைப்பு நடப்பது மூக்கில் அன்று, அதற்குப் பின்னால் உள்ள தொண்டையில். மூக்கை மட்டும் சரிசெய்து ஏ.எச்.ஐ. 42இலிருந்து 5க்குக் கீழே வருவது மிக அரிது. அண்ணத்தையும் உள்நாக்கையும் குறைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையில் குறட்டைச் சத்தம் குறைந்து, மூச்சுத்தடை அப்படியே தொடர்வதுண்டு. வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள், நோயோ உள்ளே இருந்துகொண்டே இருக்கும். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் முன்னுக்கு நகர்த்தும் அறுவை சிகிச்சையின் பலன் இவற்றையெல்லாம்விட உறுதியானது என்றாலும், அது பெரிய அறுவை சிகிச்சை. எனவே, சிபாப்பை ஒழுங்காக முயன்று பார்த்தும் முடியவில்லை என்றால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போதும், லேசான மயக்கத்தில் உறங்கவைத்து, மெல்லிய கேமராவால் எந்த இடம் சரிகிறது என்று பார்த்த பிறகே என்ன அறுவை சிகிச்சை என்பதை முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்க்காமல் நாள் குறித்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

இனி ‘ஆயுசு முழுக்க’ என்ற அவருடைய அச்சம். அந்தக் கவலை நியாயமானது. அதைக் கேலி செய்துவிட வேண்டாம். முதலில் இயந்திரத்தை வாங்காமல் வாடகைக்கு எடுத்துச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தோல்வி பெரும்பாலும் இயந்திரத்தால் வருவதில்லை, மாஸ்க்கால்தான் வருகிறது. மாஸ்க்கை நாற்காலியில் உட்கார்ந்தபடி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. படுக்கவைத்து, இயந்திரத்தை அவருக்குரிய அழுத்தத்தில் ஓடவிட்டு, இடமும் வலமும் புரளச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூக்கின் மேற்பகுதியில் கசிந்து கண்ணில் காற்று அடிக்கிறதா, பட்டை கன்னத்தை அழுத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மீசை அடர்த்தியாக இருந்தாலும் காற்று கசியும்; அப்படிப்பட்டவர்களுக்கு மூக்குத் துளையில் பொருந்தும் சிறிய மாஸ்க் சரிப்படும். வாயைத் திறந்து உறங்குபவருக்கு வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம், ஆனால் அதற்கு முன் மூக்கடைப்புக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் வாரம் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகட்டும். தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய கருவிகள் ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார், எவ்வளவு கசிந்தது, எத்தனை தடை மிஞ்சியது என்பதையெல்லாம் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டாமல் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இயந்திரத்தை மூலையில் வைத்துவிடாதீர்கள்.

எடை குறைந்தால் தேவையான அழுத்தம் குறையும்; சிலருக்கு இயந்திரமே தேவையற்றுப் போகும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏ.எச்.ஐ. சராசரியாகக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நீண்டகாலம் நடந்த ஆய்வின் முடிவு. உங்கள் கணவர் 9 கிலோ குறைத்தால் 42 என்பது ஏறத்தாழ 31 ஆகலாம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிபாப் வைத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வராது என்று சிலர் வாக்குறுதி தருகிறார்கள். ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தநாள நோய் இருந்த 2,717 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்பது அதே ஆய்விலேயே தெளிவாகத் தெரிந்தது. இரத்த அழுத்தம் சராசரியாகச் சில புள்ளிகளே இறங்கும் என்பதால், மாத்திரைகளை அவராக நிறுத்தக் கூடாது. பகல் தூக்கம் தெளியும்வரை அவர் வண்டி ஓட்டவும் வேண்டாம். இதில் மட்டும் நீங்கள் பிடிவாதமாக இருங்கள்.

எனக்கு வயது 34, ஒல்லியான உடம்பு. கீழ்த் தாடை சற்று உள்வாங்கியிருக்கும். வீட்டிலேயே செய்த உறக்கப் பரிசோதனையில் மொத்த ஏ.எச்.ஐ. 14, மல்லாந்து படுக்கும்போது 24, ஒருக்களித்துப் படுக்கும்போது 4. வாய்க் கருவி போதுமா? ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– வாசகர், மதுரை

வாய்க் கருவிக்கு மிகப் பொருத்தமானவர்களில் நீங்களும் ஒருவர். ஒல்லியானவர்களுக்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் தவறு. தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாமல் பின்னால் சரியும். ஆசிய இனத்தவரிடம் குறைந்த எடையிலேயே இந்த நோய் காணப்படுவதற்கு முக எலும்பின் அமைப்பும் ஒரு காரணம்.

இந்தக் கருவி மேல் பற்களைப் பிடிமானமாகக் கொண்டு கீழ்த் தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்து வைக்கிறது. தாடையோடு நாக்கும் முன்னுக்கு வரும். எவ்வளவு முன்னுக்கு என்பதை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆன்லைனில் விற்பவை வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகை. பெரும்பாலானவற்றில் இந்த நுண்ணிய மாற்றம் இயலாது, இரவில் நழுவியும் விடும். உறக்க நோயில் பயிற்சி உள்ள பல் மருத்துவரிடம் உங்கள் பற்களுக்கு அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். பற்கள் ஆடினாலோ ஈறு நோய் இருந்தாலோ முதலில் அதற்கு வைத்தியம் தேவை. தொடக்கத்தில் எச்சில் ஊறுவதும் காலையில் தாடை வலிப்பதும் இயல்பு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்களின் கடி சற்று மாறக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் அறிக்கையில் வேறொரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது நோயே இல்லை என்று சொல்லும் அளவுக்கு எண் குறைந்திருக்கிறது. மல்லாந்து புரளாதபடி தடுக்கும் முதுகுப் பட்டையையோ, மல்லாந்தால் அதிர்ந்து உணர்த்தும் சிறு கருவியையோ முதலில் முயலலாம். மது அருந்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். எதைத் தேர்ந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து, அந்தக் கருவியை அணிந்த நிலையிலேயே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வது மட்டும் போதாது. வீட்டுப் பரிசோதனையில் பெரும்பாலும் மூளை அலைகள் பதிவாவதில்லை. விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்வதால் நோயின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயது 46, எடை 118 கிலோ, உயரம் 172 செ.மீ. ஏ.எச்.ஐ. 48. ஓராண்டாகச் சிபாப் பயன்படுத்துகிறேன், பகலில் தூக்கம் இல்லை. எடை குறைக்கும் புதிய ஊசியே இந்த நோய்க்கு மருந்து என்று படித்தேன். ஊசி போட்டுக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் படித்தது டிர்செபடைடு என்ற மருந்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். உடற்பருமனுடன் நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு அதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்தியாவில் நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்குமாக 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ஓராண்டு நடந்த ஆய்வுகளில், தொடக்கத்தில் ஏறத்தாழ 50 ஆக இருந்த ஏ.எச்.ஐ. சராசரியாக 25 முதல் 29 வரை குறைந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 50இலிருந்து 25 குறைந்தால் மிஞ்சுவதும் 25. அது இன்னும் நடுத்தர நோய். சிலர் முழுமையாக விடுபட்டார்கள், பலர் விடுபடவில்லை.

எனவே, ‘இயந்திரமா, ஊசியா’ என்று பார்க்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். எடை குறையக் குறைய அழுத்தத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் வகைக் கருவி உங்களுக்கு உதவும். எடை கணிசமாகக் குறைந்து ஒரே அளவில் நின்ற பிறகு, சிபாப் இல்லாமல் ஒரு பரிசோதனை செய்து, அந்த எண்ணைப் பார்த்து மருத்துவருடன் முடிவெடுங்கள். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும், அதனுடன் நோயும் திரும்பும் என்பதால் நீண்டகாலச் செலவை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உங்கள் எடைக்கு இரைப்பை அறுவை சிகிச்சையும் எண்ணிப்பார்க்கத் தக்கதே.

என் பேரனுக்கு 6 வயது. வாயைத் திறந்து உறங்குகிறான், குறட்டை விடுகிறான், படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார்வதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

விட வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கான அளவுகோல் குழந்தைகளுக்குப் பொருந்தாது, அவர்களுக்கு ஏ.எச்.ஐ. 1க்கு மேல் இருந்தாலே இயல்பு அன்று. இந்த வயதில் முதன்மைக் காரணம் டான்சிலும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையும் பெருத்திருப்பதுதான். ஆகையால், பெரியவர்களுக்கு நான் தயங்கிச் சொல்லும் அறுவை சிகிச்சை, குழந்தைகளுக்கு இவற்றை அகற்றும் வடிவில் முதல் சிகிச்சையாகிறது. 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் உறக்கப் பரிசோதனை இயல்புக்கு வந்தது. செய்யாமல் கண்காணிக்கப்பட்டவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு வந்தது. நடத்தையும் உறக்கமும் அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் கூடுதலாக மேம்பட்டன. லேசான நோய் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்துடன் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். பேரன் பருமனான பிள்ளையாக இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம்.

வயது 61. சிபாப் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுவதுபோல் பயம் வருகிறது. அதனால் இரவில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்துக்கொள்கிறேன், தூக்க மாத்திரையும் போடுகிறேன். இது சரிதானா?
– வாசகி, புதுச்சேரி

இரண்டையுமே மருத்துவரிடம் சொல்லி மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆக்சிஜன் அடைபட்ட தொண்டையைத் திறப்பதில்லை. திரையில் தெரியும் எண் உயரும், ஆனால் மூச்சு நிற்பதும் உறக்கம் கலைவதும் தொடரும். சிலருக்கு ஒவ்வொரு தடையும் நீண்டுவிடுவதும், இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதும் உண்டு. தூக்க மாத்திரைகளில் பல வகைகள் மூச்சை மேலும் அடக்குபவை. ஆனால், நெடுநாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைப்பதற்கு மருத்துவரின் துணை வேண்டும்.

உங்கள் பயம் பலருக்கும் வருவது, சிகிச்சைக்கு வசப்படுவது. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் மாஸ்க்கை முதலில் பட்டையில்லாமல் கையில் பிடித்து வைத்துப் பழகுங்கள். அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல உயரும்படி கருவியில் அமைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் அதிகரிக்கிறது. குறட்டையைவிடச் சோர்வு, காலைத் தலைவலி, தூக்கமின்மை என்றே பலரும் சொல்வதால் நோய் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. தைராய்டு சுரப்புக் குறைவும் சேர்ந்திருக்கலாம் என்பதால் அந்தச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். எவ்வளவு முயன்றும் மாஸ்க் முடியவில்லை என்றால் வாய்க் கருவியும், குறிப்பிட்ட சிலருக்கு நாக்கின் நரம்பைத் தூண்டும் உள்வைப்புக் கருவியும் இருக்கின்றன. பின்னதை அமெரிக்கா 2014இலேயே அனுமதித்தது என்றாலும், அதன் செலவு மிக அதிகம்.

எங்கள் ஊரில் இரவில் அடிக்கடி மின்சாரம் போகும். மாஸ்க் மாட்டியிருக்கும்போது கரண்ட் போனால் ஆபத்தா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

இல்லை. மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் உண்டு. வாயையும் மூக்கையும் மூடும் வகையில், இயந்திரம் நின்றால் வெளிக்காற்றுக்கு வழிவிடும் தடுக்கிதழும் உண்டு. பெரும்பாலும் நீங்களே விழித்துக்கொள்வீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கருவியை இணைத்துவிடுங்கள். சூடேற்றும் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும், மின்கலம் நெடுநேரம் வரும்.

எனக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். உறக்க மூச்சுத்தடைக்கு ஆறு மாதமாகச் சிபாப் பயன்படுத்துகிறேன். வயிற்று ஆபரேஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
– வாசகி, சேலம்

கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் மயக்க மருந்து நிபுணரிடம் நேரடியாக. மயக்க மருந்தும் அதன் பிறகு தரும் வலிநிவாரணிகளில் மார்பின் போன்ற ஓபியாய்டு வகையும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி, விழித்துக்கொள்ளும் திறனையும் மழுங்கச் செய்யும். முன்பே தெரிந்தால் வேறு வலிநிவாரணிகளைக் கூடுதலாகப் பயன்படுத்தவும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரவில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கவும் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும். அதுவரை ஓர் இரவும் விடாமல் சிபாப்பைப் பயன்படுத்துங்கள். உங்கள் கருவியையும் மாஸ்க்கையும், அழுத்த அளவு எழுதிய சீட்டையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும் பகலில் கண்ணயர்ந்தாலும்கூட மாட்டிவிடும்படி உடன் இருப்பவரிடமும் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள்.